டி.வி.யில் பார்த்த பச்சைப் பாவாடை

1986 ஆகஸ்ட் 25, திங்கட்கிழமை. எங்கள் வீட்டில் தேதித்தாள் கிழிப்பது என் பொறுப்பு. அன்று காலையும் ஞாயிற்றுக்கிழமையின் சிவப்பு எழுத்துத் தாளை நான்தான் கிழித்தேன். டைரி எழுதும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது என்றாலும், இந்த ஒரு தேதியில் சந்தேகம் கிடையாது. பல் விளக்கினேன். அம்மா அடிபம்பில் தண்ணீர் அடிக்க, நிறைந்த குடத்தை நகர்த்தி வெறுங்குடத்தை வைத்தேன். சிட்லபாக்கம் ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றில் பாசி வாடை இருந்தது. அப்பா வாசலில் நின்று, லாரியில் வந்த செங்கல்லை எந்த மனையில் இறக்க வேண்டும் என்று டிரைவருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். ஏரிக்குக் கீழே எங்களுக்கு இருந்த நெல் வயலெல்லாம் மனைகளாகிவிட்ட பிறகு, அந்த மனைகளுக்கே செங்கலும் மணலும் சப்ளை செய்வது அப்பாவின் தொழிலாகியிருந்தது.

ஏழு மணிக்குச் சற்று முன்னால், பின்போர்ஷன் அக்கா பக்கத்துச் சந்து வழியாக வந்தாள். இடுப்பில் பாப்பா, தோளில் டிபன் பை. எங்கள் வீட்டுப் பின்பகுதியில் ஓர் அறையும் சமையலுக்கு ஒரு தடுப்பும் உண்டு. அதற்கு ஜூன் மாதத்தில் குடிவந்தவள். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. தினமும் காலையில் பாப்பாவை அம்மா கையில் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போவாள். விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்புவாள். பாப்பாவுக்கு அப்போது நான்கு வயது முடிந்து சில மாதங்கள்.

"வரேம்மா. ரெண்டு இட்லி ஊட்டிட்டேன். அரை மணி கழிச்சு பசிக்குதுன்னு சொல்லும், பச்சப் பொய்யி, நம்பிடாதீங்க."

வழக்கமாக அம்மா சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை. கையையும் உடனே நீட்டவில்லை. அக்கா பாப்பாவைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். அம்மா பாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் யாரும் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை.

"ஒடம்பு சரியில்லையாம்மா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. குடு."

அம்மா ஏன் அப்படிப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அக்கா ஒருத்திக்குத்தான் தெரியாது.

நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலத்து டி.வி.யை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. எங்கள் தெருவில் டி.வி. இருந்தது ஒரே வீட்டில். அந்த வீட்டுக்காரரை நாங்கள் 'சார்' என்போம். பாரிமுனைப் பக்கம் ஓர் ஆபீசில் ஹெட்கிளார்க். அவர் மனைவி என் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்த டீச்சர். கூடத்தில் மரப்பெட்டிக்குள் கருப்பு வெள்ளை டி.வி.; பெட்டிக்கு இழுத்து மூடும் கதவும் பூட்டும் உண்டு. கீழே ஸ்டெபிலைசர், அதன் மேல் டீச்சர் பின்னிய குரோஷா விரிப்பு. ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குத் தெருவே அந்தக் கூடத்தில் இருக்கும். பெரியவர்களுக்கு நாற்காலி, பெண்களுக்குப் பாய், எங்களுக்கு வெறுந்தரை. நான் எப்போதும் முதல் வரிசை. கண் கெட்டுவிடும் என்று டீச்சர் சொல்வார். அவர் திரும்பியதும் இன்னும் ஒரு சாண் முன்னால் நகர்வேன்.

சாரின் டி.வி.க்கு இரண்டு விசேஷங்கள். ஒன்று, அதன் முகத்தில் ஒட்டிய கலர் ஷீட். உங்களில் சிலர் வீட்டிலும் இருந்திருக்கும். மேலே நீலம், நடுவில் ரோஸ், கீழே பச்சை என்று சாயம் ஏற்றிய பிளாஸ்டிக் தாள். வானம் நீலமாகத் தெரியும், முகங்கள் ரோஸாகத் தெரியும், தரை புல்லாகத் தெரியும். பர்மா பஜாரில் வாங்கியது. "கலர் டி.வி. எதுக்கு? அதே எஃபெக்ட்!" என்பார் சார். முதல் வாரம், நீல மண்டையோடு ரோஸ் வயிற்றோடு ஆட்கள் வந்தபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு சிரிப்பது நின்றது. பிறகு கவனிப்பதே நின்றது.

இரண்டாவது, சாரின் ஒரு பழக்கம். படத்துக்கு நடுவே விளம்பரமோ அறிவிப்போ வந்தால் எழுந்துபோய்ச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவார். "செட்டுக்கும் ரெஸ்ட் குடுக்கணும் இல்லையா, மனுஷன் மாதிரிதான் அதுவும்." ஆகவே எங்கள் தெருவில் சோப்பு, பற்பசை எல்லாமே வாயை மட்டும் அசைத்து விற்றன. காணாமல் போனவர்களின் புகைப்படங்களும் அப்படித்தான் வந்துபோயின. ஒவ்வொரு முகமும் சில நொடி நிற்கும், மறையும். அந்த நேரத்தில்தான் பெண்கள் கால் நீட்டிக்கொள்வார்கள். நாங்கள் தண்ணீர் குடிக்க ஓடுவோம்.

அந்த ஆகஸ்டில் மட்டும் யாரும் ஓடவில்லை. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று தாம்பரம் முதல் பல்லாவரம் வரை பேச்சு. பெட்டிக்கடையில் தொங்கும் மாலைப் பத்திரிகைப் போஸ்டரில் 'குழந்தை' என்ற சொல் தினமும் ஏதோ ஒரு வடிவத்தில் இருந்தது. பத்திரிகையை வாங்கிப் படித்தவர் தெருவில் ஒருவரோ இருவரோ. போஸ்டரைப் படித்தவர் எல்லோரும். அம்மாக்கள் பள்ளிக்கூட வாசல் வரை வந்து எங்களைக் கூட்டிப் போனார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில், போர்வை விற்க வந்த ஒருவரை ரயில்வே கேட் அருகில் மடக்கி அடித்தார்கள். மூட்டைக்குள் குழந்தை இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். மூட்டைக்குள் போர்வைதான் இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தது அடித்து முடித்த பிறகு. அந்தக் கூட்டத்தில் எங்கள் தெரு முனை ஆட்டோ அண்ணனும் இருந்தார். "நா ரெண்டே தட்டுதான் தட்னேன்," என்று இஸ்திரி வண்டி அருகில் நின்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். போர்வைக்காரர் அதற்குப் பிறகு வலது கையை மடக்க முடியாமல் போனதாகச் சொன்னார்கள்.

அந்த நிலையில்தான் ஆகஸ்ட் 24, ஞாயிறு. படத்தை நிறுத்தி அறிவிப்பு போட்டார்கள். சார் சத்தத்தைக் குறைத்தார். ஒரு பெரியவர், ஓர் இளைஞன், பிறகு ஒரு சிறுமி. ஸ்டுடியோவில் எடுத்த முழு உயரப் படம். பூந்தொட்டி வைத்த ஸ்டூல் பக்கத்தில் பாவாடை சட்டையோடு நின்றாள். சார் வீட்டு ஆன்டெனாவில் அன்று காக்கை உட்கார்ந்திருந்ததோ என்னவோ, முகம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. பாவாடை பச்சை.

"ஐயையோ, இது பின்போர்ஷன் பாப்பா இல்ல?"

இதை முதலில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. பிற்பாடு கேட்டபோது ஒவ்வொருவரும் இன்னொருவரைச் சொன்னார்கள். ஆனால் சொன்ன உடனே கூடத்தில் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள். பாப்பாவிடம் ஒரு பச்சைப் பாவாடை இருந்தது. கம்பெனியில் கழித்துப்போட்ட துண்டுத் துணியை இணைத்து அக்கா தைத்தது; இடுப்புப் பட்டி மட்டும் வேறு துணி. வாரத்தில் நான்கு நாள் அதைத்தான் போட்டிருப்பாள். இன்னொரு விஷயமும் ஏற்கெனவே எல்லோர் மனத்திலும் இருந்தது: பாப்பா அவளை 'அம்மா' என்று கூப்பிட மாட்டாள். 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் என்று யாரும் வந்ததில்லை.

அக்கா அன்று படம் பார்க்க வரவில்லை. வாரத்துத் துணியெல்லாம் துவைத்துக்கொண்டிருந்தாள்.

சார் என்னைக் கூப்பிட்டார். "நீதானே முன்னாடி உட்கார்ந்திருந்தே. பயப்படாம சொல்லு, பாவாடை என்ன கலர்?"

"பச்சை சார்."

உண்மையைத்தான் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அந்தக் கூடத்தில் பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் என்னைக் கூச வைப்பது அதுதான்.

திங்கட்கிழமைக்குத் திரும்புகிறேன். பள்ளி விட்டு வந்தபோது எங்கள் வீட்டில் பாப்பா இல்லை. அம்மா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு புடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர் வூட்ல கீது. இன்னிக்கு இஸ்கோலுக்கு லீவு போட்டுட்டு அவங்கதான் வந்து தூக்கினு போனாங்க. நா இன்னா சொல்றது?"

நான் பையை வைத்துவிட்டு ஓடினேன். டி.வி. பெட்டியின் மேல் பச்சைப் பாவாடை மடித்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் பின்புறக் கொடியிலிருந்து யாரோ எடுத்து வந்திருந்தார்கள். ஒரு கிளிப் இன்னும் அதிலேயே இருந்தது. பாப்பா சாயம் போன கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையில் பிஸ்கெட். டீச்சர் எதிரில் குனிந்து, வகுப்பில் கேட்கும் அதே இனிமையான குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள்.

"உங்கம்மா எங்கடா கண்ணு இருக்காங்க?"

"ஊர்ல."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இங்க உன்கூட இருக்கறது யாரு?"

"அக்கா."

"அந்த அக்கா உன்னை பஸ்ல கூட்டிட்டு வந்தாங்களா?"

"ம்."

"நீ வர மாட்டேன்னு அழுதியா?"

"ம்."

"அம்மாகிட்ட போகணும்னு அழுதியா?"

"ம். இன்னொரு பிஸ்கோத்து."

வாசலில் நின்றிருந்த ஆட்டோ அண்ணன் தொடையைத் தட்டினார். "இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்?"

நீ யானையா என்று கேட்டிருந்தாலும் பாப்பா 'ம்' என்றுதான் சொல்லியிருப்பாள். பிஸ்கெட் டப்பா டீச்சர் கையில் இருந்தது. ஆனால் அன்று எனக்கு அது தோன்றவில்லை. தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டு விளையாடும் குழந்தை, எங்கேயோ ஒரு தாயிடமிருந்து திருடப்பட்டது என்று நானும் நம்பினேன்.

சார் அன்று ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். அவர் கட்சி, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்பது. ஆட்டோ அண்ணன் கட்சி வேறு.

"ஸ்டேஷன்ல போய் ஒக்காந்தா எழுதிக் குடு, நாளிக்கி வான்னுவாங்க சார். அதுக்குள்ள அவ கம்பி நீட்டிடுவா. நம்மளே நாலு கேள்வி கேட்டா கக்கிடுவா."

"கேள்வின்னா வாயால மட்டும்தான்," என்றார் சார்.

"வாயாலதான் சார் ஆரம்பிப்போம்."

அவர் ஆட்டோவைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்தினார். பிறகு சீட்டைத் தூக்கி, அடியிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை எடுத்து, யாரும் பார்க்காததுபோல் சக்கரத்தின் மேல் சாய்த்து வைத்தார். எல்லோரும் பார்த்தோம்.

அப்பா ஒரு ஓரமாக நின்றிருந்தார். குடிவைத்தவர் அவர்தான் என்பதால் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அப்பா எதையும் மெதுவாகத்தான் செய்வார், மெதுவாகத்தான் பேசுவார். "ஏழு மணிக்கு நியூஸுக்கு முன்ன திரும்பக் காட்டுவாங்க இல்ல? அந்தப் படத்தையும் இந்தப் புள்ளையையும் பக்கத்துல வச்சிப் பாப்போம். அதுவரிக்கும் யாரும் கையத் தூக்கக் கூடாது," என்றார்.

அதற்குச் சரி என்றார்கள். படத்தைப் பார்த்தால் தாங்கள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும் என்ற நம்பிக்கையில்தான்.

அக்கா ஆறரைக்கு வந்தாள். குறுக்கே நின்ற ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து வேகமாக வந்தாள். "இன்னாம்மா ஆச்சு? டீச்சருக்கு ஒடம்பு முடியலயா?" என்று வாசலில் நின்ற பெண்களைக் கேட்டாள். வழி மட்டும் விட்டார்கள். அவள் உள்ளே வந்ததும் வழி மூடிக்கொண்டது.

"பாப்பா!"

"அங்கியே நில்லு," என்றார் ஆட்டோ அண்ணன். "எந்த ஊர்ல இருந்து தூக்கினு வந்தே?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் முகம் கோபப்படவில்லை, வெளுத்தது. போர்வைக்காரரின் கதை அவளுக்கும் தெரியும்.

"அது எம் புள்ளண்ணா."

சார் தொண்டையைச் செருமினார். "பாரும்மா, நாங்க படிச்சவங்க, அநியாயமா எதுவும் செய்ய மாட்டோம். டி.வி.ல ஃபோட்டோ வந்திருக்கு. தெருவே பாத்திருக்கு. பச்சைப் பாவாடை. இதோ, இதே பாவாடை."

"அது நான் தெச்சது சார். கம்பெனி கட்பீஸு. இடுப்புப் பட்டிக்குத் துணி பத்தல..."

"உம் புள்ளன்னா அது ஏன் ஒன்ன அக்கான்றது?" என்று குறுக்கிட்டார் ஆட்டோ அண்ணன்.

"எங்க வூட்ல என் தங்கச்சி தம்பிங்க நாலு பேரும் என்ன அக்கான்னுவாங்க. அதுங்க மடியிலதான் இது வளந்துது. அதுங்க கூப்புடறதையே இதுவும் கூப்புடுது. எங்கம்மாவத்தான் இது அம்மான்னும்."

"கத சூப்பரா கீதே!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"இவ அப்பன் எங்க?"

அக்கா தரையைப் பார்த்தாள். "வுட்டுட்டுப் போய்ட்டான்."

அதற்கும் சிரித்தார்கள். பாப்பா இறங்கி ஓடி வரப் பார்த்தாள். டீச்சர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமாக அல்ல; ஆனால் பிடித்துக்கொண்டார். பாப்பா அழத் தொடங்கினாள். "பாரு, அவகிட்ட போறதுக்கு எப்படி பயந்து அழுவுது," என்றது ஒரு குரல். அந்தக் குழந்தை அவளை நோக்கித்தான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தது.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. முகத்தை டி.வி. பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஏதோ விவசாய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. மாடு வளர்ப்பைப் பற்றி. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் ஒரு பசுவின் முதுகில் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பசுவின் கொம்பு நீலம். வயிறு ரோஸ். கால் நான்கும் பச்சை. அவர் கட்டியிருந்த வேட்டியும் முழங்காலிலிருந்து பச்சை.

அது எனக்குத் தெரியாத விஷயமா? தெருவில் யாருக்குத் தெரியாது? ஷீட் ஒட்டிய அன்று சாக்லேட் கொடுத்தார் சார். தெரிந்ததெல்லாம் தெரிந்தபடியே எங்கேயோ ஒரு மூலையில் கிடந்தது. ஞாயிறு சாயங்காலம் அதைத் தேடி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் தவழ்ந்துபோய் அப்பாவின் லுங்கியைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, மாட்டுக் கால் பச்சையா கீது."

"சும்மா இரு."

"அவர் வேட்டியும்ப்பா."

அப்பா மறுபடி சும்மா இரு என்று சொல்லப்போனார். வாயைத் திறந்தவர் அப்படியே டி.வி.யைப் பார்த்தார். பெட்டி மேலிருந்த பாவாடையைப் பார்த்தார். திரும்ப மாட்டைப் பார்த்தார். பிறகு ஆட்களை விலக்கிக்கொண்டு போய், டி.வி.யின் முன் மண்டியிட்டு, ஷீட்டின் கீழ் விளிம்பில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் பிய்த்தார்.

"ஹலோ, என்ன பண்றீங்க? கிழிஞ்சிடும்!"

"ஒரு நிமிசம் சார்."

அப்பா ஷீட்டைத் தூக்கினார். மாடு வெள்ளையாயிற்று.

செங்கல் தூக்கிக் காய்த்த கை, நீலமும் ரோஸும் பச்சையுமாக அந்தத் தாளை உயரப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. அந்த வெள்ளை மாடு புல் மென்றது. எங்கள் தெரு முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் வாய் திறந்தது ஆட்டோ அண்ணன்தான். "அதுக்கின்னாண்ணாத்தே? பாவாட போனா போவுது. மூஞ்சி? மூஞ்சி அதே மூஞ்சிதானே?"

"ஆமா, மூஞ்சி..." என்று சிலர் ஆரம்பித்தார்கள். அவ்வளவு சீக்கிரம் கூட்டம் தன் எண்ணத்தை விட்டுவிடாது. ஓரத்தில் ஒருவன் வெளியே போய், சக்கரத்தின் மேலிருந்த கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்ததை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.

அப்போது அறிவிப்பு வந்தது. சார் வழக்கம்போல் எழுந்து, சத்தம் குறைக்கும் குமிழில் கை வைத்தார். பல வருடப் பழக்கம். அவர் கை அவரைக் கேட்காமலே போனது. டீச்சர் பாப்பாவின் தோளை விட்டுவிட்டுக் குறுக்கே வந்தார்.

"கையை எடுங்க."

"இல்ல, செட்டுக்கு..."

"எடுங்கன்றேன். அவன் என்ன சொல்றான்னு ஒரு தடவையாவது கேப்போம்."

டீச்சரே குமிழைத் திருப்பினார். அந்தக் கூடத்தில் முதல் முறையாகக் காணாமல் போனவர்களுக்குக் குரல் வந்தது. பெரியவர். இளைஞன். சிறுமி. ஷீட் இல்லாத திரையில் பாவாடை வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தது. வயது ஏழு என்றது குரல். எங்கேயோ தொலைவில் ஓர் ஊரைச் சொன்னது. காணாமல் போனபோது சிவப்பு நிறப் பாவாடை அணிந்திருந்தார் என்றது. இந்த மாதம் பதினேழாம் தேதி முதல் காணவில்லை என்றது. முகம் மறைந்தது.

அப்பா இன்னும் ஷீட்டைப் பிடித்துக்கொண்டே பேசினார். "இந்த மாசம் பதினேழு. அதுக்கு முன்னாலியே, ஆடி மாசம் நம்ம அம்மன் கோயில்ல கூழ் ஊத்தினோம். அன்னிக்கு இந்தப் புள்ள எங்க இருந்துது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். கூழ் ஊற்றிய அகப்பை அன்று அம்மா கையில் இருந்தது.

"ரெண்டாவது வாட்டியும் கேட்டு வாங்கிக் குடிச்சுது," என்றாள் அம்மா. அவளுக்கே கேட்டிருக்குமோ என்னவோ, அவ்வளவு மெல்லிய குரல். "சொம்பு எடுத்தாராம, கையிலயே ஊத்துன்னுச்சு."

அக்கா நேராக நடந்துபோய் பாப்பாவைத் தூக்கிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

பிறகு நடந்தவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் எனக்கு அவைதான் அதிகம் ஞாபகம் இருக்கின்றன. பெண்களுக்குத் திடீரென்று அடுப்பு ஞாபகம் வந்தது. கம்பி மறுபடி சீட்டுக்கு அடியில் போயிற்று. "நாளிக்கி காலைல சவாரி கீது," என்று சொல்லிக்கொண்டே ஆட்டோ அண்ணன் அப்பாவின் தோளைத் தொட்டார். "மொகஜாட இருந்திச்சிண்ணாத்தே. அத மட்டும் இல்லன்னு சொல்லாதே." சார் ஷீட்டை அப்பா கையிலிருந்து வாங்கி, ஓரத்தை நீவி, புது டேப் வெட்டி ஒட்டினார். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியிலிருந்த பிஸ்கெட் துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. பாவாடை டி.வி. பெட்டி மேலேயே கிடந்தது.

அடுத்த ஞாயிறும் அதே ஷீட்டில்தான் படம் பார்த்தோம். கலர் டி.வி. வரும்வரை அது இருந்தது. பிறகு அந்த ஷீட் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்த மரப்பெட்டியும் பூட்டும் போன இடமும் தெரியவில்லை. இப்போது நம் வாட்ஸ்அப் குழுக்களில் யாராவது ஒரு படத்தைப் போட்டு, இவனைப் பிடியுங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று எழுதினால் என் விரல் நின்றுவிடுகிறது. மந்தம் என்று கேலி செய்கிறீர்கள். சரி. நான் அந்த நேரத்தில் மாட்டுக் காலைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை இரவு அம்மா ஒரு கிண்ணத்தில் குழம்பு எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. தட்டாமல் திரும்பி வந்தாள்.

மறுநாள் செவ்வாய். நான் எழுந்தபோது அம்மா பம்படியில் இல்லை. சந்து முனையில் நின்றிருந்தாள். ஏழு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அக்கா சந்து வழியாக வரவில்லை. தெரு வழியாக, டீச்சர் வீட்டுப் பக்கமிருந்து, நடுத்தெருவில் நடந்து வந்தாள். பாப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள். அந்தக் காலை வேளையில் சாரின் கதவைத் தட்டி, பாவாடையைக் கேட்டு வாங்கி, அங்கேயே வாசலில் வைத்துக் குழந்தைக்குக் கட்டிவிட்டிருக்கிறாள். இஸ்திரி வண்டிக்காரர் கரி போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஆட்டோ அண்ணன் கண்ணாடியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

எங்கள் வாசலில் அக்கா நின்றாள். கண் வீங்கியிருந்தது, குரல் சாதாரணமாக இருந்தது.

"நேத்து காலைல இங்க நின்னுதானேம்மா புள்ளைய உங்க கைல குடுத்தேன். என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பாப்பாவை விட்டுப்போக அவளுக்கு வேறு இடம் இல்லை. கம்பெனி வாசல் கதவு யாருக்காகவும் காத்திருக்காது. குனிந்து பாப்பாவைத் தூக்கினாள். இந்த முறை அம்மாவின் இரண்டு கைகளும் முன்பே நீண்டிருந்தன.

"இட்லி ஊட்டல," என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா நடந்தாள்.

அம்மா உள்ளே போகவில்லை. என்னிடம் தட்டைக் கொண்டுவரச் சொன்னாள். தெருவைப் பார்த்த வாசற்படியில், போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்து, பாப்பாவை மடியில் வைத்து, பச்சைப் பாவாடையைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, இட்லியைப் பிட்டு ஊட்டத் தொடங்கினாள்.